எலுமிச்சை அளவு

கொருக்குப்பேட்டை கேட் போட்டாச்சு.
என் கையில் ஒரு கூறு காரப்பொடி,
காசிமேட்டில் கடைசியாக மிஞ்சியது,
நூறு சொல்லி அறுபதுக்கு இறங்கியது.
கவரின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணி
செருப்பின் மேல் சொட்டுகிறது.
முன்னால் ஷேர் ஆட்டோ, பக்கத்தில் தண்ணி லாரி,
பின்னால் எவனோ ஹாரனை விடாமல் அழுத்துகிறான்,
அழுத்தினால் ரயில் பயந்து ஒதுங்கிவிடும் என்பதுபோல.

கூட்ஸ் வருகிறது. நிலக்கரி.
முதல் பெட்டிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறேன்,
நின்ற இடத்திலேயே, மனசுக்குள்.
நல்லெண்ணெய். வெந்தயம்.
எத்தனை என்று இரண்டு விரலுக்குத் தெரியும்,
எனக்குத் தெரியாது.
ஏழாவது பெட்டியில் வெங்காயம் வதங்குகிறது.
பூண்டு உரிக்க நேரமில்லை, தட்டித் தோலோடு.
பதினாலில் மிளகாய்த்தூள்.
போன மாசம் மில்லில் அரைத்தபோது
எனக்கு முன்னால் யாரோ மஞ்சள் அரைத்திருக்கிறார்கள்,
இந்த மாசம் முழுக்க
அவர்கள் வீட்டு மஞ்சளும் எங்கள் குழம்பில்.
இருபதாவது பெட்டியில் ரயில் நின்றுவிட்டது.
தக்காளி பாதி கரைந்த நிலையில்.

போன் அடிக்கிறது. இவர்தான்.
காலில் மாவுக்கட்டு, மூணு வாரமாய்
ஹார்பர் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.
காலையில் ரசத்தில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளியவர்.
"இன்னாமே, எங்க கீற?"
"கேட்ல."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"நான் எதுனா செய்யட்டா?"
கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில்
இந்தக் கேள்வி இப்போதுதான் வெளியே வருகிறது.
"அரிசி வையி. புளி ஊறப் போடு, எலுமிச்சை அளவு."
"எந்த எலுமிச்சை?"
அந்நேரம் பார்த்து ரயில் நகர்ந்தது.
நான் சொன்னது இரும்புச் சத்தத்தில் போயிற்று.

மோனிஷுக்கு முள் இருக்கக் கூடாது.
காரப்பொடியில் முள்ளை எடுத்தால் மீன் எங்கே மிஞ்சும்?
யுவஸ்ரீக்கு மீனே வேண்டாம், குழம்பு போதும்,
அதுவும் இன்றைக்கு இல்லை, நாளைக் காலை இட்லிக்கு.
இவருக்குப் புளிப்பு தூக்கலாக.
எனக்கு என்ன பிடிக்கும் என்று
முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை யோசித்தேன்.
சட்டி பிடிக்கும்.
எல்லாரும் கை கழுவின பிறகு
காலிச் சட்டியில் சோற்றைப் போட்டு
அடியில் ஒட்டியதையெல்லாம் சேர்த்துப் பிசைவது.

மூணாவது மாடி. லிஃப்ட் என்று எழுதியிருக்கும்.
கதவு திறந்துதான் இருந்தது.
என் பழைய நைட்டியில் கிழித்த கரித்துணி தோளில்,
ஒற்றைக் காலில், மேடையைப் பிடித்தபடி நிற்கிறார்.
சோறு பொங்கலாகிக் கஞ்சியாகும் வழியில் இருக்கிறது.
கிண்ணத்தில் புளி, ஒரு சாத்துக்குடி அளவு.
"கூட இருக்கட்டும்னு போட்டேன்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாதியைப் பிய்த்து டப்பாவில் வைத்தேன்.
வைத்ததுதான் சரியாக எலுமிச்சை அளவு இருந்தது.

பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து மீனை உரசினேன்.
எதிர் வீட்டுப் பூனை வந்து கணக்குப் பார்த்தது.
ரயிலில் வைத்த குழம்பு வேறு, இது வேறு:
இதில் வெந்தயம் கொஞ்சம் கருகியது,
கறிவேப்பிலை இல்லை,
கேஸ் தீரப்போகிற சின்ன நீலத் தீ.
மோனிஷ் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான்,
இன்னொன்றை எடுத்தான், பிறகு எண்ணவில்லை.
இவர் முதல் வாய் வைத்ததும் கண்ணை இறுக்கி மூடினார்.
"பல்லு கூசுது."
"நாளைக்குச் சரியாயிடும்."
தட்டைத் தள்ளவில்லை.

நான் சட்டியில் சோற்றைப் போட்டபோது
பக்கத்தில் ஒரு கை நீண்டது.
உருண்டை பிடித்து வைத்தேன், பெரிதாகவே.
"அந்த மீதிப் புளில நாளைக்கு ரசம் நீயே வையி."
"உப்பு எவ்ளோ போடணும்?"
நான் குனிந்து சட்டியை வழித்துக்கொண்டிருந்தேன்.
இந்த முறை ரயிலும் வரவில்லை.